ஓடுதளத்துப் பள்ளத்தை அடைச்சுத் தரச் சொல்லி 4வது மனு

பெறுநர்: ஓடுதளப் பராமரிப்பு அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமா 3 மனு கொடுத்தாச்சு, ரசீது கையில இருக்கு, பதில்தான் இல்ல. அந்தப் பள்ளம் உங்களுக்குத் தெரியாததில்ல, வாட்டர் டேங்குக்கு நேரா, போன மழையில தார் பேந்து ஜல்லி வெளிய வந்த இடம்.

1. என் பொண்ணு இங்கதான் பைலட் ட்ரெய்னிங். போன மாசம் செஸ்னா 172ங்கற சின்ன விமானத்தைத் தனியா இறக்கினா. பின் சக்கரம் ரெண்டும் நல்லாத்தான் தொட்டுச்சு, முன் சக்கரத்தை மெல்ல இறக்கியிருக்கா, அது நேரா பள்ளத்துல போய் மடங்கிடுச்சு, மூக்கு தரையில குத்தி ப்ரொபெல்லர் பிளேடு ரெண்டும் வளைஞ்சுபோச்சு. அவளுக்கு ஒண்ணும் ஆகல, அம்மன் புண்ணியம்.

2. நான் பைபாஸ்ல டயர் கடை வெச்சிருக்கேன். அந்த முன் சக்கரத்தைக் கையில எடுத்துப் பார்த்தேன், ரிம் 5 இன்ச்தான். ஸ்கூட்டர் ரிம்மே 10 இன்ச் வருது ஐயா!

3. ப்ரொபெல்லர் தரையில அடிச்சா வேற மாட்டிட்டுப் பறந்துட முடியாதாம், எஞ்சினையே பிரிச்சுப் பார்க்கணுமாம், எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கற தடுப்புத் தகடு, ஃபயர்வால்ங்கறாங்க, அதுவும் கசங்கியிருக்கு. விமானம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கு. மிச்சம் இருக்கறது ஒண்ணு, பசங்க 14 பேர். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேணும், இவளுக்கு 142தான் ஆகியிருக்கு, அதுலயும் அப்ளை பண்றதுக்கு முந்தின 6 மாசத்துல 15 மணி நேரம் அவளே பைலட்டா ஓட்டியிருக்கணும். தினம் காலையில 5 மணிக்கு எழுந்து வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி வெச்சுட்டு ஃபோனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா, இன்னிக்கும் ஸ்லாட் இல்லன்னு மெசேஜ் வருது, சட்டையை மடிச்சு உள்ள வெச்சுடறா. பேங்க் லோனுக்கு மட்டும் லீவே இல்ல.

4. அவ மேலயும் தப்பு இருக்கலாம், விசாரிக்கட்டும். சில பசங்க, விமானம் தரையில தட்டி எகிறினதும் பயந்து அதோட மூக்கைக் கீழ அமுக்கிடுவாங்க, அப்பவும் முன் சக்கரம் போகும்தான். அதை இன்ஸ்ட்ரக்டர் பார்த்துப்பார், பள்ளத்தை யாரு பார்ப்பா? உங்க ஆபீஸ்ல கேட்டா ஸ்கூல்ல கேளுங்கறாங்க, ஸ்கூல்ல கேட்டா ஓடுதளம் கவர்மென்ட்டுதுங்கறாங்க. விஐபி ஹெலிகாப்டர் வந்தப்போ ஒரே ராத்திரியில வெள்ளைக் கோடு போட்டீங்களே, அந்தக் கோடு பள்ளத்துக்குள்ளயே இறங்கி ஏறிப் போகுது, பெயின்ட் அடிச்சவர் கண்ணுக்கும் தெரியலையா?

5. அடைச்சுக் குடுங்க ஐயா.

6. தாரும் ரோலரும் நானே கொண்டு வர்றேன், உள்ள விடறதுக்குப் பர்மிஷனாவது குடுங்க. அடுத்த மழைக்கு முன்னாடி. தயவுசெஞ்சு அடைச்சுக் குடுங்க.

இப்படிக்கு,
பைபாஸ் டயர் கடைக்காரன்

இணைப்பு: பழைய ரசீது 3, வளைஞ்ச பிளேடு ஃபோட்டோ 2