நகைத் தொழிலாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் நகைத் தொழிலாளர் சங்கங்களை நடத்திவரும் பெரியவர்களுக்கு வணக்கம்.

கணினியில் நகை வரையும் பிள்ளைகளையும் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். உமியோட்டுக்கு, அதாவது உமித்தணல் போட்ட ஓட்டுக்கு, முன்னால் உட்கார்ந்து ஊதாதவன் எப்படிப் பத்தர், அதாவது பொற்கொல்லர், ஆவான் என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். நானும் பட்டறை வீட்டுப் பிள்ளைதான். வார்ப்பு நகை வந்தபிறகு அப்பாவுக்கு வேலை குறைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். அண்மையில் ஒரு தோட்டத்து அம்மா தோடு ஒன்றைக் கொண்டுவந்தார். வார்ப்பு வேலை, திருகாணி கழன்றிருந்தது. அப்பா அரத்தால் லேசாக ஓர் இழுப்பு இழுத்ததும் உள்ளே ஊசிமுனை அளவில் பொத்தல்கள். கணினியில் வரைந்ததை மெழுகில் உருவெடுத்து, சாந்தில் பதித்து, சூட்டில் மெழுகை வெளியேற்றிவிட்டுத்தான் அந்த இடத்தில் தங்கத்தை ஊற்றுகிறார்கள். தங்கம் இறங்கும் வழி ஒல்லியாக இருந்தால், இறுகும்போது இப்படிப் பொத்தல் விழும். அப்பா பார்த்த உடனே சொல்லிவிட்டார். அதை வரைந்த பிள்ளைக்குச் சொல்லத்தான் யாருமில்லை. பள்ளிக்கூடச் செலவுக்கு அடகு வைத்து மீட்டு, மறுபடி அடகு வைக்கும் தோடு அது. நஷ்டம் அந்த அம்மாவுக்கு.

அந்தப் பிள்ளைகளிடம் நமக்கும் தேவை இருக்கிறது. காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பற்றவைக்கும் பொடியை வைத்து ஊதிய புகை எத்தனை பத்தர்மாரின் நெஞ்சைக் கெடுத்திருக்கும்! லேசரில் பற்றவைத்தால் பல வேலைகளுக்குப் பொடியே வேண்டாம். தனி ஆளால் அந்த மெஷினை வாங்க முடியாது, சங்கம் பொதுவில் வாங்கலாம்.

கண்டி அரசர் காலத்துப் பட்டறைகள் அரண்மனையை நம்பியே இருந்தன. 1815இல் அரசு போனதும் அந்த ஆதரவும் போயிற்று. ஆனால் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தைப் பாருங்கள். அது 1327இல் அரச சாசனம் பெற்றது. 1478 முதல் அவர்களுடைய மண்டபத்திலேயே மாற்று, அதாவது தங்கத்தின் தரம், பார்த்து முத்திரை குத்தினார்கள். அந்த வேலையை இன்றும் விடவில்லை, லேசராலும் முத்திரை இடுகிறார்கள். இளையவர்களைப் பழக்க 2012இல் தனி நிலையமும் திறந்தார்கள். கருவி மாறியபோதும் மாற்றுக்குப் பொறுப்பு சொல்வதை அவர்கள் கைவிடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம்மாலும் முடியும். இங்கே தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபை தங்கத்தைச் சோதித்து முத்திரை தருகிறது. ஒற்றைத் தோட்டோடு சின்னப் பட்டறைக்காரர் அங்கே அலைய மாட்டார். சங்கம் எல்லாரிடமும் சேர்த்து அனுப்பினால், 22 கரட் என்று சொல்லி விற்பதில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருக்கிறதா என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் விதியைத் திருத்தும் பிரேரணையை எடுங்கள். வரைபவருக்கும் வார்ப்பவருக்கும் இடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு மூத்த பத்தரிடம் பட்டறையில் பழகவேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே சேருங்கள். கற்றுக்கொடுக்க அப்பா தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு பத்தரின் மகள்