எல்லைச் சாலை வணிகர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே (வராதவர்களுக்கு ஜெராக்ஸ் கடைக்கே வரும்), வணக்கம்.

செயற்குழு ஏழு முறை கூடியது. கொடியேற்றம், ஆயுத பூஜை, ஐயப்ப சீசன் அன்னதானம் வழக்கம்போல் நடந்தன. குற்றால சீசன் வியாபாரம் சுமார்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நம் உறுப்பினர் ஒருவரின் சிப்ஸ் கடைக்கு, தடை செய்த பிளாஸ்டிக் பை வைத்திருந்ததாக நோட்டீஸ் வந்தது: தொழில் உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது, ஏழு நாளில் விளக்கம் தரவும். கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டு ஐந்தாம் நாள்தான் என்னிடம் வந்தார். "தெரிஞ்ச ஆள்கிட்ட சொல்லியாச்சு" என்று அதுவரை தைரியம். இங்கே தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரி 1இல், கேரளத்தில் 2020 ஜனவரி 1இல். இடைப்பட்ட அந்த ஒரு வருடம் "அங்கிட்டு மட்டும் பை கொடுக்கலாமா" என்று கேட்ட நாக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்த நோட்டீஸ் விசாரணைக்கு இருபது பேர் வருவதாகக் கைதூக்கினீர்கள். வந்தது நானும் பொருளாளரும் கடைக்காரரும் அவர் மைத்துனரும். மைத்துனர் கையில் இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ். அதை வாசலிலேயே பிடுங்கி என் வண்டியில் வைத்தேன். விளக்கக் கடிதம், துணிப்பை வாங்கிய பில், இதற்குமுன் புகார் இல்லை என்ற விவரம், எல்லாம் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலகத் தபால் பிரிவு முத்திரை வாங்கினேன். வாயால் சொல்வது ஃபைலில் ஏறாது. ரத்தாக வேண்டியது அபராதத்தோடும் பத்து நாள் நிறுத்தத்தோடும் போயிற்று. "செயலாளர் பேரம் பேசிவிட்டார்" என்று டீக்கடையில் சொன்னவரை இன்றும் காணோம்.

உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வேறு என்பதும் பலருக்குத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் குறையைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு, குறைந்தது 14 நாள் அவகாசம். சரிசெய்யாவிட்டால் நிறுத்தம், அப்புறமும் அசையாவிட்டால் ரத்து. பொது சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் உடனே நிறுத்தவும் அதிகாரம் உண்டு. மேல்முறையீட்டுக்கு 15 நாள்தான். எல்லை தாண்டி, கேரளத்து ஆரியங்காவு பக்கம் கடை போட்டவர்களுக்குத் தொழில் உரிமம் பற்றிய பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளத்தில் வரும். வழக்கு திருவனந்தபுரம் உள்ளாட்சித் தீர்ப்பாயம் வரை இழுக்கும். புரியவில்லை என்று மடித்து வைக்காதீர்கள், லோடு ஓட்டும் நம் பையன்களுக்கு மலையாளம் வாசிக்க வரும்.

எல்லாக் கடைகளின் லைசென்ஸ் முடியும் தேதியையும் ஒரு நோட்டில் ஏற்றத் தொடங்கினேன். நகல் தந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

வரவு செலவு சரிபார்க்கப்பட்டது, சிறு பற்றாக்குறை; விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி சிறிதல்ல. விசாரணைக்கான ஜெராக்ஸ், பெட்ரோல் என் கைக்காசு. கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

மண்டபம் தந்தவர், மைக் செட் தம்பி, செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சர்க்கரையோடு என்னால் அலைய முடியாது. நோட்டு என் கடை அலமாரியில்தான் இருக்கிறது, காலை ஆறுக்குத் திறந்துவிடுவேன். பொறுப்பேற்க யார் வந்தாலும் சந்தோஷம். வரும்போது சந்தாவையும் கொண்டுவந்தால் ரசீது அங்கேயே போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்