வாதி ஷாப்: படத்தில் தெரியாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓமானின் வாதி ஷாப் பள்ளத்தாக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பச்சை நீரின் அழகை மனங்குளிர வர்ணித்தவர், அங்கே போய்ச் சேரும் விதத்தை அறவே விட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

மஸ்கட்டிலிருந்து சூர் நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திவி கிராமத்தருகே பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சிறு படகில் நீரைக் கடந்த பின், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். தொடக்கத்தில் பேரீச்ச மரங்களும் வாழைகளும் நிழல் தருகின்றன. பாதையோரம் ஓடும் ‘ஃபலஜ்’ என்னும் பாசன வாய்க்காலைக் கண்டபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. பிறகு கற்களும் வெயிலும்தான். கடைசிக் குளத்தின் முடிவில், தலை மட்டும் நுழையும் அளவுக்குக் குறுகிய பாறை இடுக்கின் வழியே நீந்தினால், உள்ளே அருவி விழும் குகை ஒன்று விரிகிறது. நீச்சல் தெரியாதவர்கள் அதற்குத் துணியவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து மழை. ஹஜர் மலைகளின் மொட்டைப் பாறைகள் நீரை உறிஞ்சி வைப்பதில்லையாதலால், தொலைவில் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாகப் பாய்ந்து வரக்கூடும். வானிலை அறிவிப்பில் மழை என்றிருந்தால் பயணத்தை ஒத்திப்போட வேண்டும். அருகிலேயே ஊர் மக்கள் வாழ்வதால், ஆண்களும் உடலை மூடிய உடையில் நீந்துவதே மரியாதை.

இப்படிக்கு,
மஸ்கட் வாசகர் ஒருவர்