பாதி என்ற இலக்கை எட்டிய பின்னும் நிலக்கரி

ஆசிரியர் அவர்களுக்கு,

மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து அதிகபட்சமாக உற்பத்தி செய்யக்கூடிய அளவில், பாதியை நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் பெறுவது என்ற 2030ஆம் ஆண்டு இலக்கை இந்தியா 2025இலேயே எட்டிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரம் வேறு. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

காரணம் எளிது. பொழுது சாய்ந்ததும் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன. சூரிய மின்சாரமோ அப்போது இல்லை. பகலில் மிஞ்சுவதைச் சேமித்து இரவுக்குக் கொடுக்க வழி செய்யாதவரை அனல்மின் நிலையங்களை நிறுத்த முடியாது. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது என்பதுதான் அதன் வேலை. இவ்வளவு முன்பே கைவந்த தொழில்நுட்பம் நாடு முழுவதும் ஏன் பெருகவில்லை?

கூரை சூரிய மின்சாரத்துக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம். சரி, கூரையே சொந்தமில்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள் என்ன செய்வார்கள்?

2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளியிடும் பசுங்குடில் வாயுக்களின் அளவும் காற்றிலிருந்து அகற்றப்படும் அளவும் சமமாவது) என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உறுதியளித்த மத்திய அரசு, ஆண்டுதோறும் எரிக்கும் நிலக்கரியை எவ்வளவு குறைப்போம் என்பதையே அடுத்த இலக்காக அறிவிக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
உடுமலைப்பேட்டை