பழைய ரிவால்வர்களை உருக்கும் முன் ஒரு முறை பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 68 வயது. எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டியவன். அதற்கு முன்பு, 1975இலிருந்து நான்கு வருடம், மவுண்ட் ரோடு பக்கம் உரிமத்தோடு நடந்த ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கும் வேலை பழகினேன்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி நடத்தியவர். அவர் பெயரில் உரிமம் இருந்த குட்டைக் குழல் ரிவால்வரை மகள் முறைப்படி ஒப்படைத்துவிட்டு வந்தார். வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர், அவர் செய்தது சரிதான். "அதை உருக்கிடுவாங்களாமே மாமா" என்று என்னிடம் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1977இல் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவன் நான். பெரியவர் எனக்குப் பழக்கமானதே அப்படித்தான்.

நான் இதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது உள்ளே இருக்கும் வேலை. அவருடையது அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த டிடெக்டிவ் ஸ்பெஷல். 1927இல் முதலில் வந்த மாடல், இரண்டு அங்குலக் குழல், ஆறு தோட்டா. கடையில் நாங்கள் 'சப்பை மூக்கு' என்போம். பக்கத் தகட்டைத் திறந்தால் V வடிவத்தில் ஒரு பட்டை ஸ்பிரிங். ட்ரிகரை மெதுவாக இழுத்தால், தோட்டா போடும் அறைகள் உள்ள உருளை, அதாவது சிலிண்டர், கடிகாரச் சுற்றில் திரும்பும். இழுத்தபடியே பிடித்துக்கொண்டு சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் இம்மியும் அசையாது. அந்த இறுக்கம் மெஷினில் மட்டும் வராது. யாரோ ஒரு தொழிலாளி ஒவ்வொரு துண்டையும் அரத்தால் ராவி ராவிப் பொருத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் வேறு யோசனை. அதில் ஐந்து தோட்டாதான். சிலிண்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். சிலிண்டரைத் திறக்க கோல்ட்டில் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இதில் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மேலே ஒரு அறை குழலுக்கு நேராக நிற்கும்போது, அதற்கு நேர் கீழே இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள கெட்டியான சுவர் வந்துவிடும். சிலிண்டரைப் பூட்டும் பள்ளத்தை அந்தச் சுவரிலேயே வெட்டலாம், அறையின் மெல்லிய தோலைத் தொட வேண்டாம். டர்னர் வேலை தெரிந்த யாரிடமும் கேளுங்கள், இதைச் சொன்னால் முகம் மலரும்.

இப்படி ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் மாற்றம் தெரியும். முதலில் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷலுக்குக் கைப்பிடியின் அடி சதுரமாக இருக்கும், 1930களில் அது உருண்டை வடிவமானது. 1970களில் வந்தவற்றில் குழலுக்குக் கீழே இருக்கும், சுட்ட தோட்டாக்கூடுகளை வெளியே தள்ளும் கம்பிக்கு உறை வந்துவிட்டது. பெரியவருடையதில் உறை கிடையாது. வெளிநாடுகளில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். எனக்கு உரிமமும் இல்லை, வசதியும் இல்லை. நான் சேர்த்தது ஒரு நோட்டுப் புத்தகம். கைக்கு வந்த 14 சப்பை மூக்கு ரிவால்வர்களை வெர்னியர் அளவுகோலில் அளந்து பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. பழைய வெளிநாட்டு ரிவால்வர் ஒன்று உருகினால் அதோடு போயிற்று. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். பரம்பரையாக வந்தாலும் இரண்டுதான். அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் நியாயம்தான். ஆனால் 1959ஆம் வருடத்துச் சட்டமே, பழுது பார்த்தாலும் சுட முடியாத புராதனத் துப்பாக்கிகளைத் தனியாகப் பார்க்கிறது. அந்த வழி இருக்கும்போது உலை எதற்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். வாரிசுகள் ஒப்படைக்கும் பழைய ரிவால்வர்களை அழிக்கும் முன், விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். அபூர்வமானதாக இருந்தால் குழலை அடைத்து, சுடும் ஊசியை எடுத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் காவல்துறை அருங்காட்சியகம் திறந்தார்கள். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்குத் தனிக்கூடம் இருக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்தால், ஐ.டி.ஐ. படிக்கும் எங்கள் பகுதிப் பையன்கள் வந்து பார்ப்பார்கள்.

பெரியவரின் ரிவால்வர் இன்னும் உலைக்குப் போகவில்லை என்றே நம்புகிறேன். அதன் அளவுகள் என் நோட்டில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கின்றன. அடையாளம் காட்டக் கூப்பிட்டால், நோட்டோடு எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் டர்னர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21