சொல்லித்தரும் நேரமும் வேலை நேரமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்து, பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள சிறு பட்டறைகளுக்கு அப்ரண்டிஸாக (தொழில் பழகுபவராக) வரும் பிள்ளைகளில் சிலர் பாதியிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். உதவித்தொகை போதாது என்பதையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். இரும்பைக் கடையும் லேத் எந்திரத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கோ, பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லாததே பெரிய குறையாகத் தெரிகிறது.

நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைப் புதிதாகப் பிடிக்கும் பையன் அளவைச் சரியாக 0.5 மி.மீ. குறைத்துச் சொன்னால், அவன் மந்தமானவன் என்று பொருளில்லை. அரை மில்லிமீட்டர் கோட்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறான். “தலையில் மூளை இருக்கிறதா?” என்று நாலு பேர் முன்னால் கேட்கும் சீனியரிடம் அவன் அதன்பின் எந்தச் சந்தேகமும் கேட்கமாட்டான். “எந்தக் கோடு வரை பார்த்தாய், காட்டு தம்பி” என்று கேட்பவரிடம், அவனே தன் பிழையைக் கண்டுகொள்வான். ஜாப்பை, அதாவது அவன் செய்துகொண்டிருக்கும் உருப்படியை, அவன் கையிலிருந்து வாங்கிச் சீனியர் தாமே முடித்துக்கொடுப்பதும் உதவியாகாது. (ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக்கின் அருகே கை போனால் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது, உடனே தடுத்தாக வேண்டும்.) பாராட்டும்போதும் “சபாஷ்” என்பதோடு நிறுத்தாமல், “இன்று வெட்டும் டூலைச் சென்டர் உயரம் பார்த்து நீயாகவே கட்டினாய்” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொன்னால், அது மறுநாளும் அவன் கையில் நிற்கும்.

ஆனால் சீனியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. ஷிப்டுக்கு இத்தனை ஜாப் என்று கணக்குக் கேட்கப்படும் தொழிலாளி, சொல்லித்தரச் செலவிடும் அரைமணி நேரத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியளிக்கும் பொறுப்பை முதலாளியிடம்தான் வைத்திருக்கிறது. அதற்குத் தகுதியுள்ளவர்களை அமர்த்தவும் சொல்கிறது. ஆகவே, அப்ரண்டிஸ்களை வைத்திருக்கும் பட்டறை உரிமையாளர்கள், சொல்லித்தருபவரின் அன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழகும்போது வீணாகும் இரும்பை அவர் பெயரில் எழுதக் கூடாது.

எச்.எம்.டி., எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற ஆலைகளில் ஓய்வுபெற்ற டர்னர்களும் ஃபிட்டர்களும் நம்மவர்களிலேயே பலர் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கு எதிரே உள்ள பெங்களூருத் தமிழ்ச் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அறை ஒதுக்கித் தந்தால், டிராயிங் படிக்கவும் அளவெடுக்கவும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தரலாம். முதல் ஆளாக வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
தாசரஹள்ளி, பெங்களூரு