தேவிகாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மகள் தேவிகாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தமிழ் எழுத்து உனக்கு மறக்காமல் இருக்கும், அதுவும் ஒரு லாபம்.

ஈஸ்டருக்கு வருகிறாயா? மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு எல்லாரும் போகிறோம். அண்ணி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வந்தால் பகலில் வா. வான் ரீனன் மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற லாரியே தெரியாது. ராத்திரியில் ஓட்டாதே.

நீ ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் மெடல் வாங்கிய படம் வந்தது. நம் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்காவிடம்கூடக் காட்டினேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது தென்னாப்பிரிக்காவையே ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. நிறவெறி ஆட்சிக்காக 1964-இல் வெளியே நிறுத்தினார்கள், 1992-இல் பார்சிலோனாவுக்குத்தான் மறுபடி போனோம். சேர்த்திருந்தால் மட்டும் என்ன, நம் பிள்ளைகளை எந்த ஹாலுக்குள் விட்டிருப்பார்கள்? சாட்ஸ்வர்த்தில் பிறந்த என் மகள் இன்று பிரிட்டோரியாவில் கோச். மார்க்கெட் அக்காவிடம் இதையும்தான் சொன்னேன். ஆனால் இந்தப் பெருமையைச் சொல்லி அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நேரம் இருக்கிறது.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். மூன்றாவதாக நிற்கிற சின்னப் பெண், ரிப்பனைச் சுருட்டிக் கையில் வைத்திருப்பவள், யார்? அவளுடைய சிவப்பு லியோடார்டை, உடம்போடு ஒட்டுகிற அந்த ஆட்ட உடுப்பை, பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துக் கையால் நூல் ஓட்டியிருக்கிறது. மிஷின் தையல் இல்லை, போட்டிக்கு முன்னால் அவசரமாக ஓட்டியது. அப்படியும் அக்குளுக்குக் கீழே துணி சுருங்கித் தொங்குகிறது. அவளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்குமா? அந்த வயதுப் பிள்ளைகள் வளர வளரத் துணியைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். சிறிதாக்கிப் பிடித்துத் தைத்தது உன்னுடையதை மட்டும்தான்.

அவளுக்குப் பின்னால், பந்துக் கூடைக்குப் பக்கத்தில் தரையில் இருப்பது எடை மிஷின்தானே? வளையத்தையும் பந்தையும் நிறுக்க வைத்திருக்கிறாயோ என்னவோ. வளையம் 300 கிராமுக்குக் குறையக்கூடாது, பந்து 400 கிராமுக்குக் குறையக்கூடாது என்று நீ ஒப்பித்துக்கொண்டே அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடப்பாய். 6 மீட்டர் ரிப்பனை வீட்டுக்குள் சுழற்றி ஆயாவின் காமாட்சி விளக்கைத் தட்டிவிட்டதும் அப்போதுதான். குறையக்கூடாது என்று வளையத்துக்கும் பந்துக்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள், பார்.

உன் இடது கால் சமாச்சாரத்தை நான் கிளறவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் காலைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன சாப்பிடுகிறாய், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றுதான் கேட்டாள். உடம்புக்குப் போதாமல் சாப்பிட்டால் முதலில் அது நிற்கும், அப்புறம் எலும்பு விரிசல் விடும் என்றாள். 2014-இல் நம் நாட்டு கிரேஸ் லெகோட்டே கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஆடினாள். நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அம்மா தட்டில் சோறு போட்டு வாசலில் வைத்தாள், மறுநாள் காலையில் அப்படியே எடுத்தாள்.

பிள்ளைகள் மெலிய வேண்டும் என்று பெற்றோர்களே கேட்கிறார்கள், நடுவர்களின் கண் அப்படி, நான் என்ன செய்ய என்பாய். உண்மையாகவும் இருக்கலாம். 75 வினாடியிலிருந்து 90 வினாடிக்குள் ஒரு பிள்ளையின் முழு வருஷ உழைப்புக்கும் மார்க் போடுகிற விளையாட்டு. கோச்சுக்கு எவ்வளவு நெருக்கடி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் 2022-இல் இத்தாலியில் நீனா கொராதீனி என்ற ஜிம்னாஸ்ட் வாய் திறந்தாளே, அணியில் தினமும் எல்லார் முன்னாலும் நிறுத்தி எடை பார்த்தார்கள் என்று, அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியது யார்? நீதான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் பதில் போடவில்லை. அப்படி அனுப்பியவளுடைய ஹாலில் அந்த மிஷின் இருக்கிறதே என்றுதான் யோசனை.

நீயும் ஒழுங்காகச் சாப்பிடு. காலையில் வெறும் காப்பியோடு ஹாலுக்கு ஓடாதே. பிள்ளைகள் நீ சொல்வதைவிட நீ செய்வதைத்தான் பார்ப்பார்கள். அம்மா மீன் மசாலாத்தூள் இடித்து வைத்திருக்கிறாள், வந்தால் கொடுப்பாள். அனுப்பமாட்டாளாம்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குப் புது லியோடார்ட் நான் வெட்டித் தருகிறேன். என்னிடம் நல்ல சிவப்பு லைக்ரா இருக்கிறது. அளவு அனுப்பு. பழைய துணியை வைத்து எடுக்காதே, பிள்ளையின் உடம்பிலேயே எடு. அவள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது எடு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடு. பக்கத் தையலில் தாராளமாகத் துணி விட்டுத்தான் வெட்டுவேன், அதை யாரும் கத்தரிக்கக்கூடாது என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிடு. ஈஸ்டருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம். பகலில் கிளம்பு.

அன்புடன்,
அப்பா